சாட்சிக்கூண்டில் கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்க முடியுமா?

பிழைதிருத்தி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வரும் செவ்வாய்க்கிழமை ஒரு விபத்து வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். நீதிமன்ற வாசலை மிதிப்பதே இதுதான் முதல் தடவை. போவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நடந்தது. காலை ஐந்தரை மணி இருக்கும், நடைப்பயிற்சிக்குக் கிளம்பியிருந்தேன். எனக்கு முன்னால் பேப்பர் போடும் பெரியவர் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்த லாரி, சிக்னல் எதுவும் போடாமல் இடது பக்கம் திரும்பியது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கீழே கிடந்தார், பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரோடெல்லாம் செய்தித்தாள். "பேப்பரை எடுத்து வைம்மா, நனையுது" என்றார். அவர் பேசிக் கேட்டது அது ஒன்றுதான். மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

அவருடைய மகன் என்னைத் தேடி வந்து பார்த்தார். லாரி திரும்பியதை நேரில் பார்த்தது நான் ஒருத்திதான். அதனால் சாட்சி சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கமெல்லாம் முதல் வாக்கியத்தில்தான். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நிறைய யோசித்து எடுத்த முடிவு. இப்போது நாற்பத்து நான்கு. யாருடனும் இதற்காகச் சண்டை போட்டதில்லை. கூட்டங்களில் எல்லோரும் எழுந்து வணங்கும்போது நானும் எழுந்து நிற்பேன், வாயை மட்டும் அசைக்க மாட்டேன். ஒருமுறை அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தபோது, உடன் வந்தவர் விவரத்தில் மதம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். அங்கிருந்தவர் அதை அடித்துவிட்டு, என் அப்பா பெயரைப் பார்த்து அவராகவே ஒன்றை எழுதிக்கொண்டார். அம்மா மூச்சுத் திணறிக்கொண்டிருந்த நேரம், நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்த அடித்தல் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது அம்மா சொல்வது, "வாய்வார்த்தைதானே, சொல்லிவிட்டு வா." ஆனால் என் வேலையே பிழை திருத்துவது. இருபது வருடமாகப் புத்தக மெய்ப்பு பார்க்கிறேன். ஒரு சொல் தப்பாக இருப்பது தெரிந்தும் அப்படியே விட்டுவிட என்னால் முடியாது. "உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டேன்" என்பதை, நான் உண்மை என்று நினைக்காத ஒரு பெயரின் மேல் எப்படிச் சொல்வது?

கேட்க வேண்டியது இதுதான். மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? மறுத்தால் என் சாட்சியின் மதிப்பு குறையுமா? எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, இவள் பேச்சை நம்பாதீர்கள் என்று சொல்லிவிடுவாரா? அந்தப் பையனுக்கு என்னால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது.

பழைய பெஞ்ச் கிளார்க்

அம்மா, நான் குற்றவியல் நீதிமன்றங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் நான்தான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை.

இதற்கென்றே 1969-ஆம் ஆண்டின் ஆணையுறுதிச் சட்டம் இருக்கிறது. ஓதுஸ் ஆக்ட் என்று கோர்ட்டில் சொல்வோம். அதன் 5-வது பிரிவு ஒரே வரிதான். சாட்சி சொல்ல வருபவர் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டும் என்றோ, நாத்திகர் என்று நிரூபிக்க வேண்டும் என்றோ அதில் கிடையாது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சாட்சிக்கான வாசகத்திலேயே "கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்" என்பதும் "உளமார உறுதி கூறுகிறேன்" என்பதும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. எது வேண்டுமோ அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் எல்லோரும் கடவுள் பெயரையே சொல்கிறார்கள் என்றால், நாங்கள் சொல்லிக் கொடுப்பது அப்படி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சாட்சி வரும். வாய் பழகிப்போய்விடும். "கடவுள் பெயரால் சத்தியமாக" என்று நாங்கள் ஆரம்பிப்போம், வந்தவர் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு இறங்குவார். அவரிடம் எது வேண்டும் என்று நாங்களாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டதில்லை. இப்போது நினைத்தால் அது எங்கள் தப்புதான்.

என் காலத்தில் உறுதிமொழி கேட்டவர்கள் மிகக் குறைவு. முதலில் கேட்டவர் நாத்திகரே இல்லை என்பது இன்னும் நினைவிருக்கிறது. வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒரு வயதானவர். "சத்தியம் பண்ணவே கூடாது என்று இயேசு சொல்லியிருக்கிறார், நான் உறுதி மட்டும்தான் சொல்வேன்" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தேன். அவர் "உறுதிமொழி கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினார். அவ்வளவுதான் நடந்தது.

மதிப்பு குறையுமா என்று கேட்டீர்கள். குறையாது. உறுதிமொழி எடுத்துவிட்டுப் பொய் சொன்னாலும் ஆணையிட்டுப் பொய் சொன்னாலும் பொய்ச் சாட்சிக் குற்றம் ஒன்றுதான், ஏழு வருடம் வரை தண்டனை. கேள்வி புரிந்து பதில் சொல்லத் தெரிந்தவர் எவரும் சாட்சி சொல்லலாம் என்பதுதான் விதி. நம்பிக்கையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வக்கீல் உங்களைச் சிறுமைப்படுத்துவதற்காகவே ஏதாவது கேட்டால் அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. சினிமாவில் வருவது போல் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்வதும் இப்போது கிடையாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் பெயர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அரசுத் தரப்பு வழக்கறிஞரிடமோ பெஞ்ச் கிளார்க்கிடமோ மெதுவாகச் சொல்லிவையுங்கள். கூண்டில் ஏறிய பிறகு திடீரென்று சொன்னால் அவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள், அதைப் பார்த்து நீங்களும் தடுமாறுவீர்கள்.

நேர்வழி

பிழைதிருத்திக்கு என் அனுபவத்தில் வேறு ஒரு கருத்து உண்டு. நானும் முப்பது வருடமாக நம்பிக்கை இல்லாதவன்தான். இரண்டு முறை சாட்சி சொல்லியிருக்கிறேன், இரண்டு முறையும் கடவுள் பெயரில்தான். எனக்கு அது வெறும் ஒலி, காற்றில் போய்விடும். அந்த இடத்தில் முக்கியம் இறந்துபோன மனிதர். நம் கொள்கையைக் கூண்டுக்குள் கொண்டுபோனால் எல்லோர் பார்வையும் லாரியை விட்டுவிட்டு நம் மேல் திரும்பும். சட்டம் அனுமதிக்கிறது, சரி. ஆனால் நீதிபதியும் மனிதர்தானே, அவர் மனதில் என்ன ஓடும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பையனுக்காக அரை நிமிடம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். வருத்தப்படுத்தச் சொல்லவில்லை. அவருக்குத் தீர்ப்பு நல்லபடியாக வர வேண்டும் என்ற கவலையில் சொல்கிறேன்.

இரவு வாசகன்

நேர்வழி, உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் அந்த அரை நிமிடத்துக்காக எத்தனை பேர் எவ்வளவு பட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தால் அதை அவ்வளவு லேசாக விட மனம் வராது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கடவுளை நம்பாதவர் சாட்சியே சொல்ல முடியாது. 1861-ல் மேடன் என்ற பெண்ணின் வழக்கு. அவர் சாட்சி சொல்ல வந்தார், நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று உண்மையைச் சொன்னார். அதனாலேயே அவர் சாட்சியை ஏற்கவில்லை. அவர் பொய்யாக "உண்டு" என்று சொல்லியிருந்தால் ஏற்றிருப்பார்கள்! ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1859-ல், இதைத்தான் எழுதினார். இந்த விதி, பொய் சொல்லத் தயங்காத நாத்திகரை உள்ளே விடுகிறது, ஊரார் வெறுப்பையும் தாங்கிக்கொண்டு உண்மையை ஒப்புக்கொள்கிறவரை வெளியே தள்ளுகிறது. உண்மையைக் காப்பாற்ற வந்த விதி உண்மையானவரைத்தான் தண்டிக்கிறது என்று. 1869-ல்தான் அங்கே சட்டத்தை மாற்றி, நம்பாதவரும் சாட்சி சொல்லலாம் என்றார்கள்.

அடுத்து சார்லஸ் பிராட்லா என்ற ஆங்கிலேய நாத்திகர். 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்று கேட்டார். முடியாது என்றார்கள். சரி, எனக்கு அர்த்தமில்லாத வார்த்தைதான், இருந்தாலும் ஆணையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதாவது, நேர்வழி, நீங்கள் சொல்வதைத்தான் அவரும் செய்யப் பார்த்தார். நம்பாதவன் ஆணையிட்டால் அது செல்லாது என்று சொல்லி அதையும் மறுத்துவிட்டார்கள். 1880 ஜூனில் நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்தில் அவரை அடைத்து வைத்தார்கள். அடுத்த வருடம் அவைக்குள் நுழையப் பார்த்தபோது இழுத்து வெளியே தள்ளினார்கள், சட்டை கிழிந்தது. இடத்தைக் காலி என்று அறிவிப்பார்கள், தொகுதி மக்கள் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுப்பார்கள். 1881, 1882, 1884 என்று இப்படியே போனது. 1886 ஜனவரியில்தான் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகு அவர் செய்த பெரிய வேலை 1888-ன் ஆணையுறுதிச் சட்டம். யார் வேண்டுமானாலும் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கலாம் என்ற நிலை அங்கே அப்போதுதான் வந்தது.

இது ஏதோ வெள்ளைக்காரர் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. பிராட்லா 1889-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர். 1891-ல் அவர் இறந்தபோது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போனார். அதே 1880-களில் சென்னையில் நாத்திகர்கள் சேர்ந்து நடத்திய இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது; பிராட்லா கூட்டத்தாரின் எழுத்துகளைப் படித்து, 'தத்துவ விவேசினி' என்று தமிழிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பெரியார் அப்போது சின்னப் பையன். இந்தப் பேச்சு நம் மொழியில் அவ்வளவு பழையது.

நம் நீதிமன்றங்களிலும் ஒரு காலத்தில் இந்துக்களுக்குக் கங்கை நீரும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனும் வைத்துத்தான் ஆணை. 1840-ல் அதை நிறுத்தி, அவர்களுக்கு உறுதிமொழி என்று கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த உறுதிமொழிக்குள்ளும் கடவுள் இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெஞ்ச் கிளார்க் ஐயா சொன்ன அந்த வேதப் புத்தகப் பெரியவர் தனி ஆள் இல்லை. ஆணையிட மாட்டேன், உறுதி மட்டும் சொல்வேன் என்ற உரிமையை முதலில் போராடி வாங்கியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவர்கள்தான், 1690-களில். எப்போதும் உண்மை பேச வேண்டியவன் கூண்டில் மட்டும் தனியாகச் சத்தியம் செய்தால், மற்ற நேரத்தில் பொய் பேசுவான் என்று ஆகிவிடுமே என்பது அவர்கள் வாதம். ஆழ்ந்த பக்தி கொண்டவர்கள் திறந்த கதவு அது. பிழைதிருத்தி அந்தக் கதவு வழியாகப் போவதில் யாருக்கும் என்ன குறை?

ஆறாம் வகுப்பு டீச்சர்

நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த விஷயத்தில் பிழைதிருத்தி பக்கம்தான்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காலை வழிபாட்டில் எல்லோரும் கை கூப்பிப் பாடுவார்கள். அவன் கையைத் தொடையோடு ஒட்டி வைத்து நேராக நிற்பான், உதடு அசையாது. இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் எல்லோர் முன்னாலும் "உனக்கு மட்டும் என்ன தனிப் பழக்கம்?" என்று கேட்டுவிட்டேன். அவன் அழவில்லை. அடுத்த நாளிலிருந்து உதட்டை அசைக்க ஆரம்பித்தான். சத்தம் வராது, அசைவு மட்டும். தினமும் அதை நான் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தைக்குப் பக்தி வரவழைக்க நினைத்தேன், நடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேரளத்து மூன்று குழந்தைகளின் வழக்கு பற்றித் தெரிந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985-ல் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதை, பாட வைக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் சம்மதம் இல்லாமல் யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவே சொல்கிறதாம். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்தப் பையனைக் கூப்பிட்டு, நீ உன் விருப்பப்படி நின்றால் போதும், அன்றைக்குக் கேட்டது என் தப்பு என்று சொன்னேன். "சரி டீச்சர்" என்றான். மறுநாள் உதடு அசையவில்லை.

பிழைதிருத்தி, நான் நம்புகிற கடவுளின் பெயரை நீங்கள் நம்பாமல் சொன்னால் எனக்கும் அது பிடிக்காது. நம்பாதவர்கள் சொல்லாமல் இருப்பதுதான் அந்தப் பெயருக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். அப்புறம், மருத்துவமனையில் உங்கள் எழுத்தை அடித்தது தவறு. மதம் என்ன என்று அரசு படிவத்தில் யாரையும் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்க முடியாது என்று 2014-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் மட்டும் 28 லட்சத்துக்கு மேல். எல்லோரும் நாத்திகர்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

பிழைதிருத்தி

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்துவிட்டேன். நடந்ததை எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது.

பெஞ்ச் கிளார்க் ஐயா சொன்னபடி பத்தரை மணிக்கே போய், அங்கிருந்த கிளார்க் அம்மாவிடம் "எனக்கு உறுதிமொழி வேண்டும், கடவுள் பெயரில் வேண்டாம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா" என்று கையிலிருந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். அத்தனை நாள் தூக்கம் வராமல் கிடந்ததற்கு அவ்வளவுதான் பதில்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் அவர் "கடவுள்..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டு, "நான் சொல்லப்போவது எல்லாம் உண்மை" என்று எடுத்துக் கொடுத்தார். "உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று உளமார உறுதி கூறுகிறேன்" என்று முடித்தேன். உளமார என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. எத்தனையோ தடவை மெய்ப்பில் பார்த்த சொல்தான். முதலமைச்சர் பதவியேற்பில், 2021-லும்கூட, டிவியில் கேட்டிருக்கிறேன். என் வாயால் சொன்னபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

நேர்வழி அண்ணா, நீங்கள் பயந்தது போல் எதுவும் நடக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் என் நம்பிக்கையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வெளிச்சம் எவ்வளவு இருந்தது, எத்தனை அடி தூரத்தில் நின்றேன், கண்ணாடி போடுவீர்களா என்று கேட்டார். படிக்கும்போது மட்டும் போடுவேன், தூரம் நன்றாகத் தெரியும் என்றேன். லாரியில் சிக்னல் விளக்கு எரியவில்லை என்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். எரிந்திருந்தால் பெரியவர் திரும்பிப் பார்த்திருப்பார் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது நான் பார்த்தது இல்லை, நான் நினைப்பது. அதனால் "விளக்கு எரியவில்லை, நான் பார்த்தேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உறுதிமொழி மனதில் இருந்ததால்தான் அப்படி நிறுத்த முடிந்தது.

எல்லாம் முடிந்து, கணினியில் அடித்ததை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துக்குக் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். மேலேயே "கடவுள் பெயரால் ஆணையிட்டுக் கூறுவதாவது" என்று இருந்தது. எல்லாச் சாட்சிக்கும் அந்த வரி தயாராக இருக்கும் போலிருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் லாரி "வலது பக்கம் திரும்பியது" என்று இருந்தது. இரண்டையும் காட்டினேன். மாஜிஸ்ட்ரேட் தாளை வாங்கிப் பார்த்தார். மேலே உள்ள வரியை அடித்து "உளமார உறுதி கூறி" என்று எழுதினார். வலது என்பதை அடித்து இடது என்று எழுதினார். இரண்டு திருத்தத்துக்குப் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டுத் தாளை என்னிடம் தந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.